திரும்பும் டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் காஷ்மீரின் மலை ஏரிகளுக்கு நடந்து போவது பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. விஷன்சர் ஏரியின் நீலத்தை அச்சில் அந்த அளவுக்குக் கொண்டுவந்ததற்கே உங்கள் படப் பிரிவைப் பாராட்ட வேண்டும். ஆனால் கட்டுரைக்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்த பயணத் திட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. சனிக்கிழமை சென்னையில் விமானம் ஏறி அன்றிரவே ஸ்ரீநகர், ஞாயிறு சோனாமர்க்கில் இறங்கிய கையோடு நடக்க ஆரம்பித்து நிச்னாய், திங்கள் விஷன்சர், செவ்வாய் கட்சர், புதன் சத்சர், வியாழன் கங்காபல், வெள்ளி நாரநாக்கில் இறங்கி ஸ்ரீநகர், சனி வீடு. ஒரு நாள்கூடக் காலி இல்லை. அந்தக் கட்டத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அடுத்த ஜூலைக்கு டிக்கெட் போடப் போகிற பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிக்காரி. நண்பர்களோடு சேர்ந்து பல வருடங்களாக இமயமலைப் பக்கம் நடந்து வருகிறேன், உங்கள் கட்டுரையில் வந்த இந்தப் பாதையிலும் நடந்திருக்கிறேன். எங்கள் குழுவில் திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் காகிதத்தில் எழுதுவது காலி நாட்களைத்தான். மேலே ஏறுவதற்கு முன் இரண்டு, பாதையில் இரண்டு, இறங்கிய பிறகு ஸ்ரீநகரில் ஒன்று. இந்த ஐந்தையும் போட்டுவிட்டு அப்புறம்தான் நடக்கிற நாட்கள், அதற்கும் பிறகுதான் டிக்கெட். உங்கள் எட்டு நாள் திட்டம் இந்தக் கணக்கில் பதின்மூன்று நாளாகிவிடும், தெரியும். அவ்வளவு லீவு யாருக்குக் கிடைக்கும் என்று கேட்பார்கள், அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் இந்தக் காலி நாட்கள் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதைச் சோம்பேறித்தனம் என்றோ வயதானவர்களுக்கான சலுகை என்றோ நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் காரணம் உயரம். நம் ஊரில் இருந்து போகிறவர்களுக்கு இது மனதில் சரியாகப் பதிவதில்லை. தமிழ்நாட்டிலேயே உயரமான இடம் தொட்டபெட்டா, அது 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. அங்கேயும் நாம் உச்சியைத் தொட்டுவிட்டுக் கீழே வந்துதான் படுக்கிறோம். காஷ்மீர்ப் பாதையில் கூடாரம் போட்டுத் தூங்குகிற இடங்கள் எல்லாமே 3,500 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கின்றன. நிச்னாய் கணவாய் ஏறத்தாழ 4,100 மீட்டர், கட்சர் கணவாய் ஏறத்தாழ 4,200. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான், அதாவது சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனுக்கு அங்கே ஒன்றரை மூச்சுக்கும் மேல் இழுக்க வேண்டும். விஷன்சர் கரையில் தண்ணீர் 88 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். மலை மருத்துவத்தில் சொல்லும் விதி எளிமையானது: 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் ஒவ்வோர் இரவும் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஒரு நாள் இருக்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவில் எங்கே படுத்தோம் என்பதுதான் முக்கியம். ஸ்ரீநகர் 1,585 மீட்டர். அங்கே ஓர் இரவு தூங்கிவிட்டு, சோனாமர்க்கில் ஜீப்பை விட்டு இறங்கி, அன்று இரவே 3,500-இல் நிச்னாயில் படுத்தால் ஒரே நாளில் ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர். உங்கள் கட்டுரையின் திட்டம் அதைத்தான் சொல்கிறது. இதைத் தாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. யார் தாங்குவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும், ஜிம்முக்குப் போகிறவருக்கும் வரும், போன முறை எதுவும் ஆகாதவருக்கு இந்த முறை வரும். உடற்பயிற்சி காலுக்கும் நெஞ்சுக்கும் உதவும், உயரத்துக்குத் தடுப்பூசி ஆகாது.

அதனால்தான் சோனாமர்க்கில் இரண்டு இரவு. இடையில் ஒரு பகல் முழுக்க இருக்கிறது, அதில் தஜிவாஸ் பனியாறு பக்கம் மெதுவாக ஏறி இறங்கி வந்தால் உடம்புக்கு ஒரு முன்னறிவிப்புக் கொடுத்த மாதிரி ஆகும், ஷூ எங்கே கடிக்கிறது என்பதும் கீழேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் நிச்னாய்க்கு ஒரே நாளில் ஏறுவது பெரிய ஏற்றம்தான். அதை ஈடுகட்டத்தான் விஷன்சரில் ஒரு முழு நாள் நிற்கச் சொல்கிறேன்.

தலைவலி, வாந்தி வருவது போல ஒரு புரட்டல், சாப்பாடு இறங்காமை, தூக்கமின்மை, இவையெல்லாம் ஆரம்ப அறிகுறிகள். இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அங்கேயே நிற்பது. சரியாகும் வரை ஒரு அடி மேலே போகக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் சரியாகிவிடும். கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் நிற்காமல் வந்தாலோ அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து. ராத்திரி என்றாலும் மழை என்றாலும் உடனே கீழே இறக்க வேண்டும். டயமாக்ஸ் என்று கடையில் கேட்டு வாங்கி எல்லோரும் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதைச் சற்று விரைவுபடுத்தும், அவ்வளவுதான். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டிய மருந்து அது, டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு ஒரு காலி நாளை மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவது தவறு.

இதில் மருத்துவத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. தலைவலியை வெளியே சொல்ல மாட்டார்கள். எங்களோடு வந்த கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் விஷன்சர் கூடாரத்தில் ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். கேட்டால் பசியில்லை என்றார். காலையில் முகம் வெளிறி ஷூ லேஸைக் கட்டக் குனிய முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் முந்தின நாள் மதியத்தில் இருந்தே தலை வெடிக்கிறது என்று சொன்னார். ஏன் தம்பி சொல்லவில்லை என்றால், "என்னால எல்லாருக்கும் ஒரு நாள் போயிடுமேக்கா" என்றார். அன்றைக்கு நாங்கள் ஏற்கெனவே நிற்பதாகத்தான் திட்டம், அதனால் யாருக்கும் எதுவும் போகவில்லை. அவர் பகல் முழுக்க வெயிலில் சாய்ந்துகொண்டு கஞ்சியும் தண்ணீருமாகக் குடித்தார், சாயங்காலம் தலைவலி விட்டது, மறுநாள் கட்சர் கணவாயை எங்களுக்கு முன்னால் ஏறினார். அதே காலையில் எங்களுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த இன்னொரு குழுவில் ஒரு பெண் அழுதுகொண்டே பையை மாட்டினார். அவர்களை அழைத்து வந்த நிறுவனத்தின் அட்டவணையில் நிற்பதற்கு நாளே இல்லை, வெள்ளிக்கிழமை இரவு விமானம். வழிகாட்டிப் பையனும் பாவம், அவன் என்ன செய்வான், அவனுக்கு மேலே இருந்து வந்த உத்தரவு அப்படி. ஒருவர் உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டுமானால் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை என்கிற நிலை திட்டத்திலேயே இருக்க வேண்டும். அறிகுறிகளின் பட்டியலை எத்தனை முறை வாசித்துக் காட்டினாலும், திரும்பும் விமானம் நெருங்கிக்கொண்டிருந்தால் ஆள் வாயைத் திறக்க மாட்டார்.

இரண்டாவது காரணம் வானிலை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்குத் தெற்கே பீர் பஞ்சால் மலைத்தொடர் நின்று பருவமழையில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது, அதனால்தான் உத்தராகண்ட் மழையில் கிடக்கும் ஜூலை ஆகஸ்டில் இங்கே நடக்க முடிகிறது. செப்டம்பர் பாதி வரை போகலாம். ஆனால் மழையே இல்லை என்று அர்த்தமில்லை. மதியத்துக்கு மேல் மேகம் கூடி இடி மின்னல் வருவது சாதாரணம், கணவாயின் மேல் இருக்கும்போது மின்னல் வந்தால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, இருந்தாலும் அதன் அடியில் நிற்கக் கூடாது. ஆகவே விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். ஓடைகளும் அப்படியே. காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர், பகல் வெயிலில் மேலே பனி உருகி மதியத்தில் தொடை வரைக்கும் வந்துவிடும், குளிரோ எலும்பைக் குடையும். காலை ஆறு மணிக்கே கணவாய் மூடிக் கிடந்தால் அன்றைக்கு ஏறாமல் இருப்பதுதான் ஒரே வழி. காலி நாள் இருக்கிறவர் இன்னொரு டம்ளர் டீ குடித்துவிட்டுத் திரும்பப் படுப்பார். இல்லாதவர் ஏறுவார்.

2024 ஜூன் முதல் வாரத்தில் உத்தரகாசி மாவட்டத்தில் சஹஸ்ர தால் ஏரிக்குப் போன கர்நாடகக் குழுவை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 22 பேர் போன குழு. ஏரிக்குப் போய்த் திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டினார்கள், ஒன்பது பேர் உயிரிழந்தார்கள், மற்றவர்களை விமானப்படை ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் கீழே கொண்டுவந்தன. அவர்களில் பலர் பல வருடம் மலையில் நடந்தவர்கள், விவரம் தெரியாமல் போனவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 4,000 மீட்டருக்கு மேலே ஜூன் மாதத்திலும் சில மணி நேரத்தில் நிலைமை அப்படி மாறும் என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டாம். ஈரமான உடம்பில் காற்று அடித்தால் பூஜ்யம் டிகிரி கூட வேண்டாம், அதற்கு மேலேயே உடல் வெப்பம் இறங்கிவிடும். அதனால்தான் ஜீன்ஸும் பருத்தி பனியனும் மலைக்கு ஆகாது என்கிறோம். நனைந்தால் காயாது. கம்பளியோ செயற்கை இழையோதான் சரி. ஒரு ஜோடி உலர்ந்த துணியை எப்போதும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தூங்குவதற்கென்றே வைத்திருக்க வேண்டும், என்ன ஆனாலும் அதைப் பகலில் தொடக் கூடாது.

இங்கே பாதையின் அமைப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையில் வரைபடமே இல்லை. இது போய்விட்டு அதே வழியில் திரும்புகிற பாதை அல்ல. சோனாமர்க்கில் ஏறி நாரநாக்கில் இறங்குகிறோம், நடுவில் மூன்று கணவாய்கள். விஷன்சர் வரை யாருக்காவது முடியவில்லையென்றால் ஒரே ஒரு கணவாயைத் தாண்டித் திரும்பி இறக்கிவிடலாம். கட்சர் கணவாயைத் தாண்டிவிட்டால் பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. கட்சர் ஏரி ஓரத்தில் சீசன் தொடக்கத்தில் பனிக்கட்டிகள் மிதந்துகொண்டிருக்கும், எங்கே பார்த்தாலும் பூ, அவ்வளவு அழகான இடம், ஆனால் உடம்புக்கு முடியாதவரை வைத்துக்கொண்டு இருப்பதற்கு இந்தப் பாதையிலேயே மோசமான இடமும் அதுதான். ஆகவே முடிவெடுக்க வேண்டிய இடம் விஷன்சர். தொடர்வதா திரும்புவதா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய இடம். அங்கே ஒரு நாள் நின்றால்தான் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும்.

ஆள் அழைக்கவும் வழி கிடையாது. பாதையின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் இல்லை, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் எங்குமே வேலை செய்யாது என்பதே பலருக்கு ஸ்ரீநகரில் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சாட்டிலைட் மெசேஜ் கருவியை அன்பளிப்பாக வாங்கி அனுப்புகிறார்கள், தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, அசல் ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும், நகல் எடுத்துக்கொண்டு போய் வாதம் செய்ய முடியாது. ஆபத்து என்றால் கடைசியில் உதவுகிறவர்களும் அவர்கள்தான், அப்புறம் ஆட்டு மந்தையோடு கோடையைக் கழிக்கிற பக்கர்வால் குடும்பங்களும் குதிரைக்காரர்களும். குதிரைக்காரரிடம் முதல் நாளே பேசி, ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் ஒரு குதிரை கூடவே திரும்பும் என்று ஒப்புக்கொண்டு கிளம்புவது நல்லது.

மூன்றாவது காரணம் சாலை, ரயில், அரசாங்க உத்தரவு. சென்னையில் இருந்து ஜம்மு பக்கம் இருக்கும் கட்ராவுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரியில் இருந்து ஹிம்சாகர். கட்ராவில் இருந்து 2025 ஜூன் முதல் ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, அது வந்த பிறகு ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் ராம்பன் நிலச்சரிவில் மணிக்கணக்கில் ஜீப்பில் காத்துக் கிடப்பது குறைந்திருக்கிறது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ஜம்மு பக்கம் கொட்டிய மழையில் ரயில்கள் ரத்தாகி, நெடுஞ்சாலையும் அடைபட்டு, ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள் நாள்கணக்கில் தவித்தார்கள். அதற்கு முன் ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைக் கொன்ற அந்தக் கொடுமைக்குப் பிறகு, பள்ளத்தாக்கில் 48 சுற்றுலா இடங்களை அரசு மூடியது, படிப்படியாகத்தான் திறந்தார்கள். உத்தராகண்டின் ரூப்குண்ட் ஏரிக்குப் போகலாமா என்று என்னிடம் இன்னமும் கேட்கிறார்கள். அதன் வழியில் இருப்பது போன்ற மலைப் புல்வெளிகளில் இரவு கூடாரம் போடக் கூடாது என்று உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018-இலேயே தடை போட்டது, பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு முறையும், கிளம்புகிற வாரத்தில் ஒரு முறையும் அந்தந்த மாவட்ட நிர்வாகத்திடமோ சுற்றுலாத் துறையிடமோ விசாரிக்க வேண்டும். தலைப்பில் சொன்ன விஷயம் இதுதான்: போகிற டிக்கெட்டை எப்போது வேண்டுமானாலும் எடுங்கள், திரும்புகிற டிக்கெட்டை நாள் மாற்ற முடிகிற மாதிரி எடுங்கள், அல்லது கீழே இறங்கிய பிறகு எடுங்கள். கொஞ்சம் காசு கூடத்தான் ஆகும்.

காசும் லீவும். எட்டு நாளுக்கே மேனேஜரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது, பதின்மூன்றுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. என் பதில், லீவு எட்டு நாள்தான் என்றால் எட்டு நாளுக்கு ஏற்ற ஏரிக்குப் போங்கள். நாரநாக்கில் ஏறி கங்காபல், நுந்த்கோல் இரண்டு ஏரிகளையும் பார்த்துவிட்டு அதே வழியில் இறங்கலாம். ஏற்றம் செங்குத்து, நடுவில் ஓர் இரவு போட்டு இரண்டு நாளாக ஏறினால் உடம்புக்கும் நல்லது, கணவாய் எதையும் தாண்ட வேண்டியதில்லை, யாருக்காவது முடியவில்லையென்றால் வந்த வழியே இறக்கிவிடலாம். 5,142 மீட்டர் ஹரமுக் சிகரம் பனியோடு நேர் எதிரே நிற்கும், அடியில் கங்காபல். காஷ்மீரப் பண்டிதர்கள் முன்னோருக்கு நீர்க்கடன் செய்ய நடந்து போகிற ஏரி அது. கீழே நாரநாக்கில் எட்டாம் நூற்றாண்டுச் சிவன் கோயில்களின் இடிபாடுகள் இருக்கின்றன, அதற்கே ஒரு காலைப் பொழுது வேண்டும். எல்லா ஏரிகளையும் ஒரே மூச்சில் பார்த்தாக வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லையே.

காலி நாள் வீண் நாள் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் என் மனதில் இன்றைக்கும் நிற்கிறவை நாங்கள் நடக்காமல் இருந்த நாட்கள்தான். விஷன்சரில் நின்ற நாளில் வெறும் கையோடு மேலே கிஷன்சர் வரை போய் வந்தோம். இரண்டு ஏரிக்கும் நடுவே ஓடை, கரை முழுக்க மஞ்சளும் ஊதாவுமாகப் பூ, தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்கள் ஓடுவது கரையில் இருந்தே தெரிந்தது. (பிடிக்க வேண்டுமென்றால் மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு வேண்டும், தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.) மதியம் ஒரு பக்கர்வால் அம்மா எங்களைக் கூப்பிட்டு உப்புப் போட்ட டீயும் மக்காச்சோள ரொட்டியும் கொடுத்தார். அவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் இந்தி அவருக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் ஒரு மணி நேரம் பேசினோம், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆடுகள், எங்கள் ஊரில் பனி உண்டா என்றெல்லாம். பனியே கிடையாது என்றதும் அவர் முகத்தில் வந்த பரிதாபத்தை மறக்க முடியாது. அன்று சாயங்காலம் ஏரியின் நிறம் நீலத்தில் இருந்து பச்சையாகி அப்புறம் கருத்ததை முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். தினமும் மூன்று மணிக்கு வந்து சேர்ந்து, கால் கழுவி, சாப்பிட்டுத் தூங்கி, விடியுமுன் கூடாரத்தைக் கழற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் கிடைப்பதில்லை.

அழைத்துப் போகிற நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரு நாள் கூட்டினால் வழிகாட்டி, சமையல்காரர், குதிரைக்காரர் கூலி, சாப்பாடு எல்லாம் கூடும், விளம்பரத்தில் போடுகிற விலை அடுத்தவர் விலையைவிட அதிகமாகத் தெரியும், அதனால் நாளை வெட்டுகிறார்கள். நாம் விலையை மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை அவர்கள் வெட்டத்தான் செய்வார்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லி என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன். ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் தூங்குகிறோம்? அட்டவணையில் ஏறாத நாள் எது? ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு இறங்கப் போகிறவர் யார்? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

மானசரோவர் யாத்திரையை ஒப்பிட்டுப் பாருங்கள். மத்திய அரசு லிபுலேக் கணவாய் வழியாக அனுப்பும் குழுக்களுக்கு டெல்லியில் முழு மருத்துவப் பரிசோதனை, பாதி வழியில் குஞ்சியில் இன்னொரு பரிசோதனை, உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கென்று நிறுத்தங்கள், எல்லாம் அட்டவணையிலேயே இருக்கும். குஞ்சியில் தேறாதவர் எவ்வளவு பக்தியோடு வந்திருந்தாலும் மேலே போக முடியாது. பல வருட அனுபவத்தில் வந்த ஏற்பாடு அது. அதே உயரத்தை நெருங்குகிற தனியார் நடைப்பயணங்களில் பெரும்பாலும் ஒரு படிவத்தில் கையெழுத்து, எது நடந்தாலும் என் பொறுப்பு என்று. அவ்வளவோடு முடிந்துவிடுகிறது.

நடந்து பழக நம் ஊரிலேயே இடம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். 2018 மார்ச் 11-இல் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம், அதற்குப் பிறகு மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளைத் திறந்தது, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். ஷூவைப் பழக்க, முதுகில் எட்டுப் பத்துக் கிலோவோடு நாள் முழுக்க நடந்து பார்க்க, கூட வருகிறவர்கள் களைத்தால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. உயரத்துக்கு மட்டும் நம் மலைகளில் பயிற்சி எடுக்க முடியாது, அதை அங்கே போய்க் காலி நாட்களில்தான் எடுக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இனி இப்படிப்பட்ட பயணக் கட்டுரை வெளியிடும்போது கீழே போடுகிற கட்டத்தில் ஒவ்வோர் இரவும் தூங்குகிற உயரம், ஏறாமல் நிற்கும் நாள், எந்த இடம் வரை எளிதாகத் திரும்பலாம் என்பது, அனுமதி விசாரிக்க வேண்டிய அலுவலகம், இவற்றையும் சேருங்கள். ஹோட்டல் பெயருக்கும் ஷாப்பிங் குறிப்புக்கும் ஒதுக்குகிற இடம் இதற்குப் போதும். உங்கள் இணைப்பைப் படித்துவிட்டுத்தான் எங்கள் தெருவில் இருந்து இரண்டு பேர் போன வருடம் ஸ்பிதிக்குக் கிளம்பினார்கள், நீங்கள் போடுவதை அப்படியே பின்பற்றுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஜூலை சீசனுக்கு மார்ச், ஏப்ரலிலேயே முன்பணம் கட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால், போன ஞாயிறு வந்த அந்தத் திட்டத்தைத் திருத்தி இன்னொரு முறை வெளியிட வேண்டுகிறேன். உதவும் என்றால் எங்கள் குழு பயன்படுத்துகிற நாள்வாரித் தாளை உங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருநெல்வேலி